ஒன்பதாவது ஆள்

"அந்தப் பிள்ள வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, எண்ணிக்க நேராத்தான் இருக்கும்" என்று ஜெபசீலி அக்கா சொன்னது பெனிலாவின் காதில் விழுவதற்காகச் சொன்னதல்ல. பெனிலா அப்போது குளத்தங்கரை டீக்கடைக்குப் பின்னால், மோட்டார் அறைச் சுவரோரம் குனிந்து, சேறு ஏறாமலிருக்க பேன்ட்டின் கால் விளிம்பைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவும், கரையில் கயிறு இழுக்கிற ராபின்சனும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "போன சனிக்கிழம அவ வரவே இல்ல, கேட்டியா. எட்டுன்னு சொன்ன வாயோட ஒம்பதுன்னும் சொல்லிட்டேன். சாரும் பன்னெண்டும் சரின்னு நோட்டுல எழுதிட்டாரு. வீட்டுல போய் தோச சுடும்போதுல்லா எனக்கே ஓர்ம வருது." ராபின்சன் சிரித்தான். "அப்பம் அவளுக்க ஆவி வந்து பாசி அள்ளிட்டுப் போயிருக்கும்." "வாய மூடுடே. பாவம், நல்ல பிள்ள அது." கண்ணாடி டம்ளர்களைப் பலகையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் கரைப் பக்கம் போயின. பெனிலா கட்டிய சணலை அவிழ்த்து மறுபடி கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள். அக்காவின் பேச்சில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம், வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாம், போகாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது நின்றிருக்கலாம். பாவம், நல்ல பிள்ள. அந்த இரண்டு சொல்லுக்கு நடுவே எங்கே கால் ஊன்றிக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நெடுவாய்க்குளத்தில் சனிக்கிழமைதோறும் காலை ஆறரைக்கு ஆகாயத்தாமரை அள்ள இறங்குகிறவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களைச் சேர்த்தவர் தாணுலிங்கம் சார், தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பளவு தண்ணீரில் நின்றால் ஆகாயத்தாமரை இலைகள் முகம்வரைக்கும் வந்துவிடும், மூன்றடி தள்ளி நிற்பவரைக்கூடத் தெரியாது. அதனால் சார் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார். கால் மணிக்கு ஒரு தடவை கரையிலிருந்து விசில் ஊதுவார். ஒன்றிலிருந்து வரிசையாக அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஒரு எண் வராவிட்டால் வேலை நிற்கும், எல்லாரும் அந்த ஆளைத் தேட வேண்டும். "தண்ணிக்குள்ள கண்ண நம்பாதீங்க, காத நம்புங்க" என்பார். பெனிலாவுக்கு ஒன்பது. ஒன்றிலிருந்து ஒன்பது வரை தண்ணீருக்குள், பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் கரையில் கயிறு இழுப்பவர்கள். முதல் நாள் அவள் ஒன்பது என்று சொன்னது அவளுடைய உதட்டைத் தாண்டிப் போகவில்லை. "ஒம்பது! ஒம்பது எங்க?" என்று சார் மூன்று தடவை கேட்டார். குளமே தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது அவளுக்கு. மறுபடி சொன்னாள், அது முன்னைவிடச் சன்னமாக வந்தது. அப்போது பக்கத்தில் நின்ற ஜெபசீலி அக்கா, "இங்கதான் நிக்கா சார்! ஒம்பது!" என்று அவளுக்காகச் சொன்னாள். அக்கா பள்ளிக்கூட வேனில் ஆயா. தெருமுனையில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் உள் அறையில் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை ஓடி வந்துவிடும், அப்படிக் குரல். அன்றிலிருந்து அக்கா தன் எண்ணோடு அவளுடைய எண்ணையும் சேர்த்து ஒரே மூச்சில் "எட்டு-ஒம்பது" என்று சொல்லத் தொடங்கினாள். ஆறு மாதமாகிவிட்டது. எட்டு-ஒம்பது என்று தனியாக ஒரு எண் இருப்பதுபோலவே ஆகிவிட்டது. இந்த ஆறு மாதத்தில் பெனிலா தன் எண்ணை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மழையில் நடக்கும்போது பக்கத்தில் வருகிறவர் குடையை இவள் பக்கமும் சாய்த்துப் பிடிப்பதுபோல, அவ்வளவு இதமாக இருந்தது அது.

இன்றைக்குத் தூறல். மலைப் பக்கமிருந்து இறங்கிய மூட்டம் எதிர்க்கரைத் தென்னைகளை மறைத்துவிட்டது, தென்னைகளுக்கு முன்னால் இருந்த மின்கம்பத்தையும் மறைத்துவிட்டது. பழைய மடைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற பொக்லைன் ஒன்று கையை மடக்கிக்கொண்டு நின்றது. இறங்குவதற்கு முன் சார் எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இன்னைக்கு மடைப் பக்கம் உள்ளத வண்டி அள்ளப் போவுது. மூணு விசில் அடிச்சா எல்லாரும் கரைக்கு. யாருக்கு எங்க கிட்டமோ அங்க ஏறுங்க. ஏறி நின்னுட்டு நம்பர் சொல்லுங்க. பன்னெண்டும் எனக்குக் கேட்டாத்தான் வண்டி கைய நீட்டும். கேக்கியளா?" "கேக்கு சார்" என்று பதினொரு குரல்கள் கேட்டன. பெனிலா தலையை ஆட்டினாள். தண்ணீர் மேலே குளிர்ந்தும் முழங்காலுக்குக் கீழே வெதுவெதுப்பாகவும் இருந்தது. யாரோ சற்று முன்வரை அந்த இடத்தில் நின்றுவிட்டுப் போனதுபோன்ற வெதுவெதுப்பு. பேருந்தில் யாரோ எழுந்துபோன இருக்கையில் உட்காரும்போது அப்படித்தான் இருக்கும். அவள் இரண்டு கையாலும் ஒரு செடியைப் பிடித்து உலுக்கினாள். அடியில் தொங்கும் வேர்க்கற்றை கறுப்பாக, ஈரக் கூந்தல்போல வெளியே வந்து சொட்டியது. கல்லூரியில் தாவரவியல் படித்தபோது இந்த வேரைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறாள். கண்ணாடித் தட்டில் அது வேராக இருந்தது. இங்கே தொடையில் உரசும்போது அதை வேர் என்று ஒவ்வொரு தடவையும் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன சனிக்கிழமை இந்த இடத்தில் நின்றது யார். ஒருவரும் நிற்கவில்லை. ஆனால் ஒன்பது நின்றது என்று நோட்டில் இருக்கிறது.

போன சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவள் வீட்டு மாடி அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தை பூட்ஸ் பின்னிக்கொண்டிருந்தாள். மதுரைக் கடை ஒன்றுக்கு இருபத்தைந்து ஜோடி, திங்கட்கிழமை அனுப்பியாக வேண்டும், அதனால்தான் குளத்துக்கு வரவில்லை. குரோஷா ஊசி வேலை முழுக்க எண்ணிக்கைதான். ஒரு வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் உடனே தெரியாது. நாலு வரிசை கழித்துத் துணி ஒரு பக்கம் ஒடுங்கிக்கொண்டு போகும், காரணம் புரியாமல் விழிக்க வேண்டும், பிறகு அத்தனையும் பிரிக்க வேண்டும். அதனால் உதட்டை அசைத்துச் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டே பின்னுவாள். அன்றைக்கு ஒரு உள்ளங்காலின் வளைவில் ஆறு, ஏழு, எட்டு, பத்து என்று எண்ணிவிட்டாள். எண்ணியது நினைவிருக்கிறது. நினைவிருக்கிறதா, அல்லது இப்போது தண்ணீரில் நின்று யோசிக்கிறபோது மனம் தானாகப் பின்னிச் சேர்த்துக்கொள்கிறதா. ஒரு தடவை தவறியது நிஜம், பிரித்தது நிஜம், பிரித்த நூல் சுருள் சுருளாக மடியில் கிடந்ததும் நிஜம். விட்டுப்போனது ஒன்பதாவது கண்ணிதானா என்பது மட்டும் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் சார் செய்தி போட்டிருந்தார், இன்று களப்பணியில் பன்னிரண்டு பேர், கீழே வரிசையாகப் பெயர்கள், ஒன்பதாவதாகப் பெனிலா. அவள் "சார், நான் இன்று வரவில்லை" என்று தட்டினாள். அழித்தாள். "மன்னிக்கவும் சார்" என்று ஆரம்பித்து மறுபடி தட்டினாள், அதையும் அழித்தாள். அதற்குள் ராபின்சன் அனைவருக்கும் நன்றி என்று கைகூப்பிய படம் போட்டுவிட்டான். அதற்கு மேல் போய் நான் இல்லை என்று சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுப்பதுபோல ஆகிவிடும் என்று தோன்றியது. செய்தியோடு ஒரு புகைப்படமும் இருந்தது, மூட்டத்துக்குள் வரிசையாக முதுகுகள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எட்டு முதுகு. எட்டாவதுக்கு அப்பால், இலைகளுக்கு நடுவே மங்கலாக நெட்டுக்குத்தாக ஒன்று. கயிறு கட்டுவதற்கு நட்டிருக்கும் கம்பாக இருக்கும். இன்னும் பெரிதாக்கினாள், அது கட்டம் கட்டமாக உடைந்துபோனது. கம்புதான் என்று சொல்லிக்கொண்டு போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்று இறங்கும்போது பார்த்தாள், அந்தப் பக்கத்தில் கம்பு எதுவும் நடப்பட்டிருக்கவில்லை. பிடுங்கியிருப்பார்கள்.

விசில். ஒண்ணு, ரெண்டு என்று குரல்கள் வரிசையாக நகர்ந்து வந்தன. பக்கத்து இலைகளுக்குப் பின்னாலிருந்து "எட்டு-ஒம்பது!" பிறகு கரையிலிருந்து பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. பெனிலா வாயைத் திறந்து வைத்திருந்ததை மூடினாள். இன்றைக்கு நானே சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாளா. சொன்னால் ஒன்பது இரண்டு தடவை கேட்கும். சார் "யாரு ரெண்டாவது ஒம்பது?" என்பார். இரண்டாவதாகச் சொன்னவள்தானே பொய்யானவள் ஆவாள். அவள் இங்கே வர ஆரம்பித்ததே ஒரு குரலுக்காகத்தான். மாடி அறையில் உட்கார்ந்து மூன்று வாரம் யாரிடமும் பேசாமல் வேலை செய்திருக்கிறாள். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால் எழுந்து போய்ப் படியில் நிற்பாள், அவ்வளவுதான். அப்புறம் ஒருநாள் கூரியர்காரன் போனில் பெனிலாதானே என்று கேட்டபோது "ஆமா" என்றாள். வந்தது அவளுக்குத் தெரியாத குரல், தகரத்தை இழுத்ததுபோல. போனை வைத்த பிறகும் அறைக்குள் வேறு யாரோ பேசியதுபோலத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரமே குளத்து நோட்டீசைப் பார்த்து வந்து சேர்ந்தாள். ஆறு நாள் ஊசி, ஒரு நாள் குளம். ஆறு நாள் தனியாக, ஒரு நாள் மனிதர்களோடு. அது சரியான பங்கீடு என்றே நினைத்தாள். குளத்துக்குப் போய்வந்த மறுநாள் விரல்நுனி சொரசொரத்துப்போய் நூல் ஒவ்வொரு இழுப்புக்கும் தோலில் மாட்டும், தேங்காய் எண்ணெய் தடவித் தடவிப் பின்னுவாள். குளம் கையோடு வீட்டுக்கு வருகிறது என்று அதுவும் பிடித்துத்தான் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமையும் நூல் மாட்டியது. இந்த நினைப்பு வந்ததும் அவள் கையை நீட்டிப் பார்த்தாள். போன சனிக்கிழமை குளத்துக்கு வரவே இல்லையே. பிறகு ஏன் விரல் சொரசொரத்திருந்தது.

அவள் அப்படித் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் பிரிந்து நின்ற ஒரு செடிக்கூட்டம் மடைப் பக்கம் நழுவியது. அதை இழுத்துச் சேர்க்க இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இருந்த சந்தில் புகுந்தாள். நாலடி, ஐந்தடி எடுத்து வைத்தாள். தரை இறங்கியது, முன்பு எப்போதோ மண் எடுத்த குழி. தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. இடது கால் எதிலோ நுழைந்தது. பின்னால் இழுத்தாள், அது கூடவே வந்து இறுகியது. நைலான் வலை, யாரோ அறுத்துப் போட்டது. திரும்பிப் பார்த்தாள், வந்த வழி இல்லை. காற்று ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. அந்தப் பக்கத்து இலைகள் எல்லாம் ஒன்றாகச் சாய்ந்து, சத்தமே இல்லாமல் மிதந்து வந்து, அவள் புகுந்த சந்தை மூடிவிட்டன. ஊதா நிறப் பூக்கள்கூட வரிசை கலையாமல் இருந்தன. யாரும் இந்த வழியாக வந்ததற்கு அடையாளமே கிடையாது. இப்போது கூப்பிட வேண்டும். "எக்கா" என்று ஒரு சொல். அக்கா பத்தடிக்குள்தான் இருப்பாள். அவள் பாடிக்கொண்டே செடியைப் பிடுங்குகிற சத்தம்கூட இலைகளுக்கு ஊடே வந்துகொண்டிருந்தது. பெனிலா கூப்பிடவில்லை. கொஞ்சம் பார்ப்போம் என்று நினைத்தாள். அந்தப் பிள்ள வந்தாலும் சரி, வராட்டாலும் சரி. யாராவது ஒருவர் தானாகத் திரும்பிப் பார்த்து, பெனிலா எங்கே என்று கேட்கிறார்களா, பார்ப்போம். ஒரு தடவை கேட்டால் போதும். கேட்டுவிட்டால் உடனே குரல் கொடுத்துவிடலாம், சிரித்துக்கொண்டே ஏறிவிடலாம். இது பிடிவாதம் என்று அவளுக்கே தெரிந்தது. ஒளிந்து விளையாடுகிற குழந்தை பெட்டிக்குள் இருந்துகொண்டு, தேடுகிறவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போன பிறகும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதுபோன்ற பிடிவாதம்.

விசில் வந்தது. அவள் காதைக் கொடுத்தாள். எண்கள் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக நடந்து வந்தன. ஏழு. பிறகு, எந்தத் தயக்கமும் இல்லாமல், "எட்டு-ஒம்பது!" அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளிகூட இல்லை. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு. "சரி!" என்றார் சார். கல்லூரியிலும் இப்படித்தான். மூன்று வருடமும் வருகைப் பதிவில் அவள் சொல்வது மேடைக்குக் கேட்காது, அதனால் பக்கத்தில் இருக்கும் சஜிதாதான் அவளுக்கும் சேர்த்து "உள்ளேன் மிஸ்" சொல்லிவிடுவாள். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருக்கும்போதே இன்னொருத்தி அவளை உள்ளேன் என்று சொல்வதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். கடைசி வருடம் வருகை விழுக்காடு பார்க்கத் துறை அலுவலகத்துக்குப் போனபோது பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்கள். பிப்ரவரி பதினொன்று, முதல் வகுப்பு, உண்டு. இரண்டாம் வகுப்பு, உண்டு. மதியம், உண்டு. அன்றைக்குத்தான் அப்பா இறந்தார். காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும்வரை அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. ஆனால் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு வகுப்பறையில் அவள் உண்டு. சஜிதாவுக்குச் செய்தி தெரியாது, பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். சிவப்பு மையில் போட்டிருந்த அந்தக் குறிகளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்ததை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. அழாத பெண்ணை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. பிறகு பெரியம்மா ஒருநாள் கேட்டாள், "உனக்க அப்பன் செத்த அன்னைக்கு நீ எங்கட்டி இருந்த? கண்ணுலயே படல." அம்மா கூப்பிட்டால் படியில் போய் நிற்பதுபோல, அதற்கும் முகத்தை மட்டும் காட்டியிருப்பாள்.

மாட்டிய காலை வலை விட்ட அளவுக்கு மேலே மடக்கிக்கொண்டு, அவள் குனிந்து வலையைத் தேடினாள். குனிந்தால் தாடை தண்ணீரில் முட்டியது, வேர்கள் கழுத்தைச் சுற்றி வந்து படிந்தன. வேர் என்று சொல்லிக்கொண்டாள். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் கண்ணியை எண்ணுவது அவளுக்குப் பழக்கம்தான், இருட்டில்கூடப் பின்னுவாள். வலை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று முதலாவதுக்கு அடியில் போகிறது, அதை இழுத்தால் இது இறுகும், இதைத் தளர்த்தினால் அது. பின்னியவர் யாரோ நல்ல கைக்காரர், முடிச்சுகள் ஒரே அளவு. ஒரு சுற்றின் கீழே விரலை நுழைத்தபோது ஒரு கணுக்கால் தட்டுப்பட்டது. சில்லென்று, வழவழப்பாக, எலும்பு முண்டிக்கொண்டு. அவள் கையை வெடுக்கென்று இழுத்தாள். அவளுடைய கால்தான். வேறு யாருடையதாக இருக்கும். ஆனால் தொட்டது விரலுக்குத் தெரிந்தது, தொடப்பட்டது காலுக்குத் தெரியவில்லை. மறுபடி கையை விட்டாள், மெதுவாக. அந்தக் கணுக்காலைப் பிடித்தாள். அழுத்தினாள். நகத்தால் கிள்ளினாள். ஒன்றும் தெரியவில்லை. வலை இறுகி இரத்தம் ஓடாமல் மரத்துப்போயிருக்கும், எந்தக் காலும் மரத்துப்போகும், சம்மணம் போட்டு உட்கார்ந்தாலே மரத்துப்போகும். அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. போன சனிக்கிழமை தண்ணீரில் ஒன்பதாக நின்றவள் கரையேறியதை யார் பார்த்தார்கள். எண்ணிக்கையில் இறங்கினாள், எண்ணிக்கையில்தான் ஏறினாள். நடுவில் இந்த வலை கிடந்திருக்கிறது. ஏழு நாளாக இங்கேயே நின்றுகொண்டு, கால் மணிக்கு ஒரு தடவை தன் எண்ணை யாரோ சொல்வதைக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு, மேலே மிதந்து வந்து மூடும் இலைகளைப் பார்த்துக்கொண்டு. இல்லை. அப்படி ஒருத்தி கிடையாது. பெனிலா நிமிர்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீருக்கு மேலே ஒரு நீர்க்கோழி இலைமேல் நடந்து வந்தது, அவளை ஒரு செடியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அவள் தோளை ஒட்டியே கடந்து போனது.

மூன்று விசில் கேட்டது. அவளுக்கு முதலில் அது என்னவென்று பிடிபடவில்லை. பிறகு அந்தப் பக்கமெல்லாம் தண்ணீர் கலங்கும் சத்தம், ஒருவரையொருவர் கூப்பிடும் சத்தம், "ஏய் கைய குடுடே, வழுக்குது" என்று யாரோ. அக்காவின் பாட்டும் நகர்ந்து போனது. மடைப் பக்கம் உள்ளத வண்டி அள்ளப் போவுது. மடை எங்கே. அவள் கழுத்தைத் திருப்பினாள். இலைகளுக்கு மேலே, மூட்டத்தில், மஞ்சளாக வளைந்த அந்தக் கை அவள் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது. நுனியில் ஐந்து பற்கள், அவற்றில் போன இடத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. அது ஒரே அள்ளலில் ஒரு அறை அளவு செடியைத் தூக்கும். தூக்கிய செடிக்குள் என்ன இருக்கிறது என்று மேலே உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியாது, வேர் தொங்கும், தண்ணீர் சொட்டும். "எக்கா" என்றாள் பெனிலா. வந்தது வெறும் காற்று. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி "எக்கா" என்றாள். இந்தத் தடவை குரல் வந்தது, தகரத்தை இழுத்ததுபோல, முன் இலைவரை போய் அங்கேயே நனைந்து நின்றுவிட்டது. பரவாயில்லை. இப்போது எல்லாரும் கரையில் நிற்பார்கள். கரையில் இலை கிடையாது. அக்கா பக்கத்தில் திரும்பிப் பார்ப்பாள், அவள் இல்லாதது தெரியும். ஆனால் யாருக்கு எங்கே கிட்டமோ அங்கே ஏறச் சொல்லியிருக்கிறார் சார், கரை நீளமானது, மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் யாருமே யாருக்கும் தெரியமாட்டார்கள், அவள் மடைப் பக்கமாக ஏறியிருப்பாள் என்று அக்கா நினைத்துக்கொண்டால். வலையை இழுத்தாள். இறுகியது. பொக்லைன் இன்னும் ஓடத் தொடங்கவில்லை, எண்கள் கேட்பதற்காக அதை நிறுத்தியே வைத்திருந்தார்கள். குளம் முழுக்க அப்படி ஒரு அமைதி, தூறல் இலைமேல் விழுவது தனித்தனியாகக் கேட்டது.

"ஒண்ணு!" வெகுதூரத்தில், கோயில் பக்கத்துக் கரையில். "ரெண்டு!" "மூணு!" இருமிக்கொண்டே நாலு. ஐந்து யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஈரத் துணியோடு தரையில் நிற்கிற ஒரு ஆள் இருந்தார், காலை உதறிக்கொண்டு, டீயை நினைத்துக்கொண்டு. "ஆறு!" "ஏழு!" பிறகு ஒரு இடைவெளி. பெனிலா மூச்சை நிறுத்தினாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொள்கிறாளா, திரும்பிப் பார்க்கிறாளா. பார் அக்கா. ஒரே ஒரு தடவை பக்கத்தில் பார். இடைவெளி நீண்டுகொண்டே போனது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது, அதற்குள் தூறல் நூறு இலைமேல் விழுந்துவிட்டது. "எட்டு-ஒம்பது!" அவ்வளவுதான். ஒன்பதாவது ஆள் ஏறிவிட்டாள். கரையில் ஈரத்தோடு நிற்கிறாள். இனி அவள் டீ குடிப்பாள், பேருந்து பிடிப்பாள், மாடி ஏறிப் போய் விரலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு ஊசியை எடுப்பாள். அம்மா கீழேயிருந்து கூப்பிட்டால் "இதோ வாறேன்மா" என்று வீடு முழுக்கக் கேட்கிறாற்போலச் சொல்வாள். எந்த இடத்திலும் எதுவும் குறையாது. அப்படி நினைக்கும்போது பயத்துக்கு அடியில் ஒரு இளைப்பாறல்கூட இருந்தது, முழங்காலுக்குக் கீழே இருக்கும் அந்த வெதுவெதுப்பான தண்ணீரைப்போல, அதிலேயே நின்றுவிடலாம்போல. "பத்து!" என்றான் ராபின்சன் கரையிலிருந்து. பதினொன்று இருமினார், சொல்வதற்காகத் தொண்டையைச் செருமினார். பெனிலா வலையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னாலிருந்த இலைகளைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையக் காற்றை இழுத்து, "ஒம்பது அங்க இல்ல!" என்று கத்தினாள்.